மிதிவண்டி உறுப்புகளின் கடல் வாணிகம்

வாணிக வரலாறு என்றவுடன் நம் நினைவில் எழுவன முத்தும் மிளகும் துகிலும் ஆகும். கொற்கை முத்தும் சேரநாட்டு மிளகும் மேலை நாட்டாரின் பொன்னை நம் கரைக்கு ஈர்த்த செய்தியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும், விலையுயர்ந்த பண்டங்கட்கு மட்டுமே வரலாறு உண்டு என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒரு விரல் நீளமுள்ள இரும்பு ஆணிக்கும் வரலாறு உண்டு. அது எங்கே பிறந்தது, எந்த அளவிற்குக் கடையப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்று வினவிக்கொண்டே சென்றால், இரண்டு நாடுகளின் நூறாண்டுக் கதை அதனுள் அடங்கிக் கிடத்தலைக் காணலாம்.

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மிதிவண்டியின் உறுப்புகள் நம் நாட்டிலிருந்து கடல் கடந்து செல்லும் வாணிகம் ஆகும். பெரிய தொழிற்சாலைகள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி அனுப்புவதும் இவ்வாணிகத்தின் ஒரு பகுதியே. ஆனால், தனி மனிதர் ஒருவர் இணைய ஏலத்தில் ஒரு மணியையோ ஒரு பிரேக் கட்டையையோ விற்று, அதனைச் சிறு பொட்டலமாகக் கட்டி அஞ்சலில் சேர்க்கும் சிறு வாணிகத்தையே சிறப்பாகக் கூற விரும்புகிறேன். இவ்வாணிகத்திற்கு முதலாக நிற்பவை இரண்டு. ஒன்று சரியான அளவு. மற்றொன்று மெய்யான சொல். இவ்விரண்டும் உள்ளவரை இவ்வாணிகம் நிலைக்கும். இவற்றுள் ஒன்று கெடினும் அது நில்லாது. இதனை வரலாற்றின் வழியே காட்டுதலே இப்பேச்சின் நோக்கமாகும்.

யான் வாழும் பண்பொழி, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் செங்கோட்டைக்கு அண்மையில் அமைந்த ஊர். திருமலைக் குமாரசாமி குடிகொண்ட குன்றின் நிழலில், குளங்களும் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்து விளங்குவது. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தென்காசி தனி மாவட்டமானபோது இவ்வூரும் அம்மாவட்டத்தில் அடங்கியது. இதற்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் உள்ளது. அக்கணவாயின் வழியே திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை 1904ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. மலைக்கு அப்பாலிருந்தும் கடலுக்கு அப்பாலிருந்தும் வரும் பண்டங்கள் இப்பகுதிக்கு எளிதில் வந்து சேர அப்பாதை வழி வகுத்தது. மலையடிவாரத்திலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் சாலைகள் பெரும்பாலும் சமனாகவே செல்லும். அத்தகைய நிலத்திற்கு மிதிவண்டி மிகப் பொருத்தமான ஊர்தி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, மிதிவண்டி பிறந்த கதையைச் சிறிது காண்போம். முன்னால் மிகப் பெரிய சக்கரமும் பின்னால் மிகச் சிறிய சக்கரமும் கொண்டு, ஏறுவோரை அஞ்சச் செய்த பழைய வண்டியை மாற்றி, இரு சக்கரமும் ஏறக்குறைய ஒத்த அளவினவாய், சங்கிலியால் பின்சக்கரத்தை உருட்டும் வண்டியை இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் 1885ஆம் ஆண்டில் அமைத்தார். மூன்றாண்டு கழித்து, 1888இல், அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரிலிருந்த கால்நடை மருத்துவர் டன்லப், காற்றடைத்த இரப்பர் டயருக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபோது இன்றைய மிதிவண்டி பிறந்தது. நாட்டிங்காம் நகரில் ராலே நிறுவனமும், பர்மிங்காம் நகரில் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் முதலிய நிறுவனங்களும் தோன்றி, உலகெங்கும் தம் வண்டிகளை அனுப்பின. ஆங்கில ஆட்சியில் இருந்த நம் நாடு அவற்றிற்குப் பெருஞ்சந்தை ஆயிற்று.

அக்காலத்தில் சிற்றூரில் இருந்த ஒருவர் வெளியூர்ப் பண்டத்தை எவ்வாறு பெற்றார்? இங்கேதான் அஞ்சல் துறையின் தொண்டினை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1874ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் உலக அஞ்சல் ஒன்றியத்திற்கு அடிகோலின. 1876இல் இந்தியா அதில் சேர்ந்தது. மறு ஆண்டில், அதாவது 1877இல், நம் நாட்டில் வி.பி.பி. என்னும் முறை தொடங்கப்பெற்றது. பொருளை அஞ்சற்காரர் கொணர்ந்து கொடுத்து, விலையைப் பெற்று, விற்றவருக்கு அனுப்பி வைப்பார். ஒருவரை ஒருவர் முகம் அறியாதவர் இருவர், அஞ்சலகத்தை நடுவராகக் கொண்டு வாணிகம் செய்யலாம் என்பதை நம் மக்கட்குக் கற்பித்தது இம்முறையே. இன்றைய இணைய வாணிகத்தின் விதை அன்றே ஊன்றப்பட்டது எனலாம்.

வண்டி வந்தது, வண்டியோடு அதன் அளவும் வந்தது. நாட்டுப்புறச் சாலைக்கென அமைந்த ஆங்கில வண்டியின் சக்கரம் 28க்கு 1½ அங்குலம் என்று குறிக்கப்படும். அதன் பிரேக் கம்பிவடத்தால் இழுக்கப்படுவது அன்று. கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை இரும்புக் கோல்களால் இயங்குவது. பெடலைத் தாங்கும் கிராங்கு, அச்சோடு காட்டர் பின் என்னும் சாய்வான ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். இவ்வுறுப்புகள் யாவும் பள்ளமும் மேடும் நிறைந்த சாலைக்கு ஏற்ற உறுதி உடையன. கொல்லுப் பட்டறையில் சுத்தியல் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இவற்றைக் கழற்றி மாட்டலாம். எனவே, அஞ்சற்காரரும் ஆசிரியரும் பால்காரரும் துணி வணிகரும் இவ்வண்டியை விரும்பினர். இரவில் விளக்கின்றிச் செல்வோர் தண்டம் கட்டினர். ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் சைக்கிள் வரி செலுத்தி, உலோக வில்லை ஒன்றைப் பெற்று வண்டியில் பொருத்திக்கொண்டனர். சொந்த வண்டி வாங்க இயலாதார் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தனர்.

இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டபோது அயல்நாட்டுச் சரக்கின் வரவு தளர்ந்தது. விடுதலைக்குப் பின், நமக்கு வேண்டுவனவற்றை நாமே செய்துகொள்ளுதல் வேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூடி 1949ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1951இல் ஹெர்குலிஸ் வண்டி உருவாகி வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து, 1955இல் குழாய் செய்யும் ஆலையும், 1960இல் சங்கிலி செய்யும் ஆலையும் அக்குழுவினரால் நிறுவப்பெற்றன. வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே ஆலை எழுந்தது. சோனிப்பட்டில் அட்லஸ் ஆலை தோன்றியது.

இவற்றினும் வியப்புக்குரியது பஞ்சாபின் லூதியானா நகரின் வளர்ச்சி. நாட்டுப் பிரிவினையின் துயரால் வீடும் நிலமும் இழந்து வந்தோர் பலர் அந்நகரில் குடியேறினர். கமாலியா என்னும் ஊரினின்றும் முன்னரே அமிருதசரத்திற்கு வந்திருந்த முஞ்சால் உடன்பிறந்தாரும் லூதியானாவைத் தம் இருப்பிடமாகக் கொண்டனர். முதலில் மிதிவண்டி உறுப்புகளை வாங்கி விற்ற அவர்கள், பின்னர் அவ்வுறுப்புகளைத் தாமே செய்யத் தொடங்கி, 1956இல் ஹீரோ சைக்கிள்ஸ் ஆலையை நிறுவினர். முப்பது ஆண்டுகளில், 1986இல், உலகிலேயே மிகுதியாக மிதிவண்டி செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் ஏட்டில் அது இடம் பெற்றது. அந்நகரின் தனிச்சிறப்பு யாதெனில், ஒரு பட்டறை ஓர் உறுப்பை மட்டுமே செய்யும். ஒருவர் பெடல் செய்வார்; அடுத்த தெருவினர் மணி செய்வார்; அதற்கடுத்தவர் காட்டர் பின் மட்டும் செய்வார். வண்டி முழுவதும் செய்ய முதலற்ற ஒருவரும், ஓர் உறுப்பைச் செம்மையாகச் செய்து பிழைக்க வழி இருந்தது.

இங்கே நாம் நுணுகி நோக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நம் ஆலைகளும் பட்டறைகளும் வண்டியைப் புதிதாகச் செய்தனவேனும், அளவை மாற்றவில்லை. ஆங்கிலேயர் தந்த 28க்கு 1½ அங்குலச் சக்கரமும், கோல் பிரேக்கும், காட்டர் பின்னும் அவ்வாறே தொடர்ந்தன. ஊர்தோறும் இருந்த சைக்கிள் கடைகளில் அந்த அளவிற்குரிய உறுப்புகளே கிடைத்தன. பழுது பார்ப்போர் கைக்கும் அந்த அளவே பழகியிருந்தது. வாங்குவோரும் அதையே நம்பினர். எனவே, அளவு நிலைத்தது.

இங்கிலாந்திலோ நிலை மாறிற்று. மோட்டார் வண்டி பெருகவே மிதிவண்டி வாங்குவோர் குறைந்தனர். நிறுவனங்கள் ஒன்றோடொன்று கலந்தன. பி.எஸ்.ஏ.யின் மிதிவண்டிப் பிரிவு 1957இல் ராலேயின் கைக்குச் சென்றது. 1960இல் ராலே நிறுவனமே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுவில் அடங்கியது. இலேசான குழாய்களும் கம்பிவடப் பிரேக்கும் பல்சக்கர மாற்றியும் கொண்ட வண்டிகள் வந்தபின், பழைய உறுப்புகளைச் செய்வார் இல்லாமற் போயினர். மூன்று வேகம் தரும் பின்சக்கரக் குடத்தை 1902ஆம் ஆண்டு முதல் செய்து புகழ்பெற்ற ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நொடித்துத் தைவான் நாட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. நாட்டிங்காமில் ராலே வண்டி செய்யும் பணி 2002ஆம் ஆண்டோடு நின்றது.

ஆலை மூடப்பட்டதே ஒழிய, வண்டிகள் அழிந்துவிடவில்லை. அறுபது எழுபது ஆண்டு ஓடிய பின்னும் உருளும் உறுதி அவற்றிற்கு உண்டு. பாட்டனார் ஓட்டிய வண்டியைப் பேரன் புதுப்பித்து ஓட்ட விரும்பினான். பழைய வண்டிகளைப் பேணுவோர் இங்கிலாந்தில் 1955ஆம் ஆண்டிலேயே ஒரு கழகம் கண்டிருந்தனர். நெதர்லாந்து நாட்டிலோ கோல் பிரேக்கும் பெரிய சக்கரமும் உடைய வண்டி இன்றும் தெருவில் ஓடுகிறது. இவர்கட்கெல்லாம் வேண்டுவன யாவை? பிரேக் கோலின் முனையில் செருகும் இரப்பர்க் கட்டை, 28க்கு 1½ அங்குல டயர், காட்டர் பின், சங்கிலி உறை, மணி, டைனமோ விளக்கு ஆகியனவே. பிறந்த நாட்டில் அரிதாகிவிட்ட இவ்வுறுப்புகள், அளவை மாற்றாது போற்றிய நம் நாட்டில் சைக்கிள் கடைதோறும் தொங்கின. மேற்கிலிருந்து கிழக்கே வந்த பண்டம் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பிச் செல்லும் காலம் வந்தது.

வேண்டுவார் ஓரிடத்திலும் உடையார் ஓரிடத்திலும் இருந்தனர். இருவரையும் கூட்டி வைத்தது இணைய ஏலம். அமெரிக்க நாட்டில் பியர் ஓமிட்யார் என்பவர் 1995ஆம் ஆண்டில் தொடங்கிய ஏலத்தளம் பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. அதில் முதன்முதலாக விலைபோன பொருள் உடைந்துபோன லேசர் சுட்டுகோல் ஒன்று. 14 டாலர் 83 சென்டுக்கு விற்றதாம். உடைந்த பொருளையும் தேடுவார் உலகில் எங்கோ இருப்பர் என்பதற்கு இது சான்று. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் பாசி என்னும் ஏலத்தளம் தோன்றிற்று. 2004இல் ஈபே அதனை விலைக்கு வாங்கிற்று. 2018இல் அதன் உள்நாட்டு வாணிகம் மூடப்பட்ட பின்னும், இந்தியாவில் இருப்போர் அயல்நாட்டார்க்கு விற்கும் வழி அந்நிறுவனத்தில் தொடர்ந்தது.

ஏலம் நமக்குப் புதிதன்று. குளத்து மீனையும், சாலையோரப் புளியமரத்தின் பலனையும், கோயிலில் காணிக்கையாக வந்த பொருளையும் ஊர் கூடி ஏலம் விடுதலை நாம் கண்டிருக்கிறோம். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூறி முடிப்பர். இணைய ஏலத்தில் மூன்று தரம் கூறுவார் இல்லை. குறித்த நாளும் நேரமும் முடிந்தால் ஏலமும் முடியும். கேட்போர் தாம் தரக்கூடிய மேல் எல்லையை முன்னரே எழுதி வைப்பர். மற்றவர் கேட்கக் கேட்க, அவ்வெல்லைக்குள் சிறிது சிறிதாகத் தளமே அவர்க்காகக் கேட்டுக்கொண்டு போகும். ஆகவே வெல்பவர் பெரும்பாலும் தம் மேல் எல்லையைச் செலுத்துவதில்லை. தமக்கு அடுத்தவர் கேட்டதற்குச் சற்றே மேற்பட்ட விலையைத்தான் செலுத்துவார்.

ஊர் ஏலத்திற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு மற்றொன்றாகும். ஊர் ஏலத்தில் பொருள் கண்முன் நிற்கும். கேட்போர் தட்டிப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம். இணைய ஏலத்திலோ வாங்குவார் காண்பன விற்பவர் எடுத்த படமும் எழுதிய சொல்லுமே. அச்சொல்லில் பிழை இருந்தால் என்ன நேரும்? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன்.

28 அங்குல டயர் என்று ஒருவர் எழுதுகிறார். அது ஒரே அளவைக் குறிக்கும் என்று அவர் எண்ணியிருப்பார். ஆனால், 28 அங்குலம் என்னும் பெயரில் வெவ்வேறு சக்கரங்கள் உள்ளன. நம் நாட்டுப் பெரிய வண்டியின் 28க்கு 1½ அங்குல டயர் அமரும் வளையத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். 28க்கு 1⅜ அங்குலம் என்பதில் அது 642 மில்லிமீட்டர். இக்கால வண்டிகளில் 28 என்று குறிக்கப்படுவதோ பெரும்பாலும் 622 மில்லிமீட்டர். ஏழு மில்லிமீட்டர் குறைந்தாலும் டயர் ரிம்மில் ஏறாது. பதின்மூன்று மில்லிமீட்டர் மிகுந்தால் ரிம்மில் நில்லாது. மரையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கிராங்கு அச்சின் கிண்ணங்களில் பொதுவான ஆங்கில அளவு அங்குலத்திற்கு 24 மரை. ராலே நிறுவனம் தனக்கென 26 மரை வைத்துக்கொண்டது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முறுக்கினால் ஒரு சுற்றோடு இறுகி நின்றுவிடும். ஆறாயிரம் மைல் கடந்து சென்ற பொருள் பயன்படாது திரும்பி வருமாயின், பொருளின் விலையினும் அஞ்சற்கூலி மிகும். விற்றவர் மீது வைத்த நம்பிக்கையும் போகும். வாங்கியோர் தம் நிறைகுறைகளைப் பலர் அறிய எழுதி வைக்கும் முறையை ஈபே 1996லேயே ஏற்படுத்திவிட்டது. ஆதலின், ஒரு மில்லிமீட்டர்ப் பிழையும் மறைவாகப் போய்விடாது. காலிபர் என்னும் அளவுகோலும் மரை அளக்கும் சீப்பும் இவ்வாணிகத்தில் தராசைப் போன்றவை.

அளவு சரியாக இருப்பினும், பொருளை எவ்வாறு அனுப்புவது என்னும் வினா எழுகிறது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி, சிறு பொட்டலம் என்னும் வகையில் 2 கிலோ வரை அனுப்பலாம். அதன் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 90 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. எந்த ஒரு பக்கமும் 60 சென்டிமீட்டரைக் கடத்தல் ஆகாது. மணியும் பெடலும் பிரேக் கட்டையும் இவ்வெல்லைக்குள் எளிதில் அடங்கும். சக்கரம் அடங்காது. தனியார் கூரியரில் அனுப்பலாமே எனின், அங்கே எடையோடு பருமனையும் கணக்கிடுவர். நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்ளுதல் பெருவழக்கு. பெரிய சக்கரம் ஒன்றை 72க்கு 72க்கு 12 சென்டிமீட்டர் பெட்டியில் அடைத்தால், மெய்யான எடை இரண்டு மூன்று கிலோவே ஆயினும், 12 கிலோவுக்கு மேல் கூலி கேட்பர். ஆகவேதான், இச்சிறு வாணிகத்தில் முழு வண்டியும் சக்கரமும் அரிதாகவே கடல் கடக்கின்றன; குடமும் ஆணியும் விளக்குமே மிகுதியாகச் செல்கின்றன.

கட்டும் முறையிலும் கருத்து வேண்டும். இரும்பு உறுப்பைத் துடைத்து, எண்ணெய் கசியாதபடி உலர்த்தி, துருவேறாமல் மெழுகுத் தாளில் சுற்றுதல் நன்று. கூரிய முனைகட்கு அட்டைத் தொப்பி அணிவித்தல் வேண்டும்; இல்லையேல் அவை பெட்டியைக் கிழித்து வழியில் உதிர்ந்துவிடும். ஒன்றோடொன்று உரசாதபடி உள்ளிடத்தைத் தாளால் நிரப்புதல் வேண்டும். கட்டிய பெட்டியைக் குலுக்கினால் ஓசை எழலாகாது.

பின்னர் வருவது சுங்கம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகட்குச் சோழரின் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அன்றைய புலிப்பொறியின் இடத்தில் இன்று சி.என். 22, சி.என். 23 என்னும் சுங்கப் படிவங்கள் நிற்கின்றன. உள்ளே இருப்பது யாது, எத்தனை, என்ன எடை, என்ன விலை என்பவற்றை விற்பவரே எழுதிக் கையொப்பம் இடுதல் வேண்டும். விலையைக் குறைத்து எழுதினால் வாங்குவோர் வரி செலுத்த வேண்டா என்று கேட்பாரும் உளர். அதற்கு இணங்குதல் குற்றம். அன்றியும், பொட்டலம் தொலைந்தால் எழுதிய விலைக்கு மேல் ஈடு கேட்க இயலாது. ஏற்றுமதி செய்வோர் வெளிநாட்டு வாணிகத் துறையிடம் குறியீட்டு எண் பெற்றிருத்தல் வேண்டும். சிற்றூரிலிருந்து இவ்வேலைகளைச் செய்வோர்க்கு உதவும் பொருட்டு, அஞ்சல் துறை 2022ஆம் ஆண்டின் இறுதியில் அஞ்சலக ஏற்றுமதி நிலையங்களைத் தொடங்கியது. சிற்றூரிலிருந்து புறப்படும் பொட்டலம் சென்னை, கொச்சி போன்ற நகரங்களில் உள்ள அயல்நாட்டு அஞ்சலகத்தில் சுங்க அலுவலரின் நோட்டத்திற்கு உட்பட்டு, அதன் பின்னரே கடல் கடக்கும்.

இவ்வாணிகம் அடைந்த இன்னல்களும் சில உண்டு. அமெரிக்க அஞ்சல் துறை 2007ஆம் ஆண்டில் அயல்நாட்டுக்குக் கப்பல் வழிப் பொட்டலம் அனுப்பும் முறையை நிறுத்தியது. மலிவான வழி ஒன்று அடைபட்டது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது வானூர்திகள் நின்றமையால் அஞ்சலும் தடைப்பட்டது. 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான பொருள்கட்கு அளித்து வந்த வரி விலக்கை நீக்கிற்று. அமெரிக்கா 800 டாலர் வரை சுங்கமின்றி ஏற்று வந்த சலுகையை 2025 ஆகஸ்டு 29ஆம் நாளோடு நீக்கியது. சுங்கத்தை யார், எவ்வாறு தண்டுவது என்பது தெளிவாகாமையால், இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்குச் செல்லும் பொட்டலங்களைச் சில வாரம் நிறுத்தி வைத்து, அக்டோபர்த் திங்களில் மீண்டும் ஏற்கத் தொடங்கியது. கப்பல் நிறைய அனுப்புவார் இத்தகைய மாற்றத்தைப் பல ஆயிரம் பெட்டிகளின் மேல் பரப்பித் தாங்குவர். பத்து டாலர் மணி ஒன்றை விற்பவர்க்கோ அது பெருஞ்சுமை. எங்கோ ஒரு தலைநகரில் இடும் கையொப்பம், மலையடிவாரத்து அஞ்சலகப் பலகை வரை வந்து தாக்கும் என்பதை இச்சிறு வாணிகம் நமக்கு உணர்த்துகிறது.

இதுகாறும் வாணிகத்தின் வழியைக் கூறினேன். இனி, நாம் சிந்திக்க வேண்டிய ஒரு கடமையைக் கூறி அமைவேன்.

அனுப்பப்படும் உறுப்புகள் இருவகையின. ஒன்று, லூதியானாவிலும் பிற இடங்களிலும் புதிதாகச் செய்யப்படுவது. அது எவ்வளவு சென்றாலும் நமக்கு நலமே. செய்பவர்க்கு வேலை கிடைக்கிறது, விற்பவர்க்கு ஊதியம் கிடைக்கிறது. மற்றொன்று, பழைய வண்டியைக் கழற்றிப் பிரித்து எடுப்பது. இங்கேதான் கவலை பிறக்கிறது. 1940களில் வந்த ஆங்கில வண்டி ஒன்று முழுமையாக இருந்தால் அதற்கு வாங்குவோர் ஓரிருவரே, கூலியோ மிகுதி. அதனையே பிரித்தால் விளக்குக்கு ஒருவர், மணிக்கு ஒருவர், தோல் இருக்கைக்கு ஒருவர் எனப் பலர் வருவர். எனவே, எளிதில் பிரித்துவிடுகின்றனர். பிரித்தபின் மிஞ்சும் சட்டம் எடைக்கு எடை பழைய இரும்பாகிறது. ஓர் ஊரின் ஆசிரியரையோ மருத்துவச்சியையோ இருபது ஆண்டு சுமந்த வண்டி அன்றோடு மறைகிறது.

மிதிவண்டி நம் மக்களின் வாழ்வில் பெற்ற இடத்தை எண்ணிப் பார்த்தால் இதன் இழப்பு விளங்கும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சித் தலைவர் ஷீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். பின்னர்த் தமிழக அரசு பள்ளி மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கியது. நடந்து செல்ல இயலாத தொலைவிலிருந்த பள்ளி, மிதிவண்டியால் அண்மையில் வந்தது. பல்லாண்டு தலைமையாசிரியனாக இருந்த யான், வண்டி வந்தபின் மழைக்காலத்தும் வருகைப் பதிவேடு நிறைந்ததைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். நம் சமுதாய வரலாற்றின் சான்றுகளுள் மிதிவண்டியும் ஒன்று. சான்று முழுவதையும் கடல் கடத்திவிட்டால் நாளை நம் பிள்ளைகட்கு எதனைக் காட்டுவோம்?

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், கலையையோ கைத்தொழிலையோ அறிவியலையோ விளக்கும் பொருள் நூறாண்டு கடந்ததாயின் அதனைத் தொல்பொருள் வரையறைக்குள் கொணர்கிறது. அத்தகைய பொருளைத் தனி மனிதர் அயல்நாட்டுக்கு அனுப்புதல் ஆகாது. முதல் உலகப்போருக்கு முற்பட்ட விளக்கோ சட்டமோ கையில் கிடைத்தால், ஏலத்தில் இடுமுன் தொல்லியல் துறையினரிடம் கேட்டறிதல் கடமையாகும். பொருளின் வயதை எவ்வாறு அறிவது? சட்டத்தில் அடித்த எண் ஓரளவு காட்டும். ஸ்டர்மி ஆர்ச்சர் குடங்கள் பலவற்றில் ஆண்டும் திங்களும் எண்ணாகவே பொறிக்கப்பட்டிருக்கும். பிரிக்குமுன் இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிப் படம் எடுத்து வைத்தல் நன்று. முழுமையாகக் கிடைத்த வண்டியைப் பிரியாது காத்தல் அதனினும் நன்று. பள்ளிதோறும் இத்தகைய வண்டி ஒன்றை நிறுத்தி, அதன் அளவுகளையும் பிறந்த ஊரையும் மாணவரைக் கொண்டே எழுதச் செய்தால், வரலாறும் கணக்கும் அறிவியலும் ஒருங்கே கற்பித்தவராவோம்.

மற்றொரு தீங்கையும் தவிர்த்தல் வேண்டும். புதிய உறுப்பின் மேல் புளிநீரும் உப்பும் தடவித் துருவேற்றி, பழைய ஆங்கில உறுப்பென்று விற்றல் எளிது. அவ்வாறு விற்பவர் ஓரிரு முறை மிகுந்த விலை பெறலாம். ஆனால், அவர் கெடுப்பது தம் பெயரை மட்டும் அன்று. இந்நாட்டிலிருந்து வரும் பொட்டலம் அனைத்தின் மேலும் ஐயம் விழச் செய்கிறார். இந்தியாவில் புதிதாகச் செய்தது, பழைய ஆங்கில அளவுக்குப் பொருந்துவது என்று உள்ளதை உள்ளவாறே எழுதினால் போதும். வாங்குவோர் பலர் அதனையே தேடுகின்றனர். ஓட்டத்தானே அவர்கட்கு உறுப்பு வேண்டும்.

நேயர்களே, கவெண்ட்ரியிலும் பர்மிங்காமிலும் பிறந்த ஓர் அளவு நம் நாட்டுக்கு வந்தது. நம் தொழிலாளர் அதனைக் கற்றனர். பிறந்தகம் மறந்த பின்னும் மறவாது காத்தனர். அதன் பயனாக இன்று ஓர் ஆணி, கடல் கடந்து சென்று, முன்பின் அறியாத ஒருவருடைய பழைய வண்டியை மீண்டும் உருளச் செய்கிறது. சுங்கமும் அஞ்சற்கூலியும் காலந்தோறும் மாறும். அவை நம் கையில் இல்லை. அளவைச் சரியாக எடுப்பதும், உள்ளதை உள்ளவாறு எழுதுவதும், எதை விற்பது எதைக் காப்பது என்று தெளிவதும் நம் கையில் உள்ளன. அவற்றை வழுவாது செய்வோமாயின், மலையடிவாரத்துச் சிற்றூரின் பெயர் எழுதிய பொட்டலத்தை உலகின் எந்த மூலையிலும் ஐயமின்றிப் பிரிப்பர்.